சதை போட்ட எறிகணைகள்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தை எழுதுகிறேன். அலுவலகத்தில் நீங்கள் கூப்பிடுகிற மேடமும் இந்தக் கடிதத்தில் நடுநடுவே வந்து போவாள். நீங்கள்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும். இங்கே நாங்கள் இருவரும் சுகம். நீங்கள் சுகமா என்பதை மட்டும் உங்கள் கடிதங்களிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. நாலு வரி எழுதினால் அதில் மூன்று வரி எங்கள் உடம்பைத்தான் விசாரிக்கிறீர்கள்.

மகளுக்கு ஏழாம் மாதம் நடக்கிறது. எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். இன்னும் கிளினிக்குக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறாள். பல் பார்க்கக் குனிந்தால் வயிறு நாற்காலியில் இடிக்கிறது, நோயாளி பயப்படுகிறார் என்று குறைப்படுகிறாள். உள்ளே இருப்பது உதைக்கிற உதையைப் பார்த்தால், என் குழல் பிரிவும் உங்கள் எறிகணைப் பிரிவும் சேர்ந்து அங்கேயே வேலையை ஆரம்பித்துவிட்டதுபோல் இருக்கிறது.

வாரம் ஒரு தடவை நீங்கள் பேசும் நாளில் அவள் காலையிலிருந்தே போனைக் கையில் வைத்துக்கொண்டு திரிகிறாள். நீங்கள் இப்போது இருக்கும் பரிசோதனைத் திடலுக்குள் கைபேசி கூடாது என்ற விதியை எழுதிய குழுவில் நானும் இருந்தேன். இப்போது அதற்காக என்னையே திட்டிக்கொள்கிறேன். அலுவலகத் தொலைபேசியில், பின்னால் வரிசையாக ஆட்கள் நிற்கும்போது, பெண்டாட்டியிடம் என்னத்தைப் பேச முடியும்? அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இயக்குநர் என்னைக் கூப்பிட்டு, அந்தத் திடலிலேயே நிரந்தரமாக இருந்துவிட நீங்கள் மனுக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். குழுத் தலைவி என்ற முறையில் நான் அதில் கருத்து எழுத வேண்டுமாம். மாமியார் என்ற முறையில் யாரும் என்னைக் கருத்துக் கேட்கவில்லை. மகளிடம் நான் இதைச் சொல்லவில்லை. நீங்களும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். தெரிந்திருந்தால், தொட்டிலுக்கு இடம் வேண்டும் என்று உங்கள் மேசையை ஜன்னலோரம் நகர்த்திக்கொண்டிருக்க மாட்டாள்.

அன்றைக்குச் சுட்டுக் காட்டிய அந்த ஒரு ஷாட்டுக்காகவா இவ்வளவும்? விருந்தினர்கள் பார்த்துக்கொண்டிருக்க, நம் மின்பீரங்கியின் புதுக் குழலில் உங்கள் எறிகணை கிளம்பும்போதே ஒரு கணம் சிக்கி, குழலுக்குள் இருக்கும் செம்புத் தண்டவாளத்தை உருக்கிப் பள்ளம் போட்டுவிட்டு, பாதி வேகத்தில் வெளியே வந்து, உருண்டு புரண்டு மணல் மேட்டில் போய் விழுந்தது. யாருக்கும் சிறு கீறல்கூட இல்லை. விசாரணையில் நீங்கள் எழுந்து நின்று, என்னுடைய அளவுத் தவறு என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டீர்கள். உங்கள் வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன், அளவு சரி. என் குழலின் வரைபடத்தையும் பார்த்தேன், அதுவும் சரி. சரியும் சரியும் சேர்ந்து எப்படித் தப்பாகும் என்று எனக்குப் புரியவில்லை.

என்மேல் ஏதாவது வருத்தமா? வீட்டில் ஏதாவது குறையா? இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். நான் கோபக்காரி என்று அலுவலகத்தில் பேசிக்கொள்கிறார்கள். அதில் பாதிதான் உண்மை.

உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்,
அத்தை

* * *

மதிப்பிற்குரிய அத்தை அவர்களுக்கு,

பணிவான வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்து மிக்க மகிழ்ச்சி அடைந்தேன். தாங்களும் அவளும் நலமாக இருப்பது அறிந்து நிம்மதி.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. அறை சௌகரியமாக இருக்கிறது. சாப்பாடும் நன்றாகவே இருக்கிறது. வெயில் சற்று அதிகம், பழகிவிட்டது. தங்கள் வீட்டிலும் எனக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை. பெற்ற மகனைப் போலப் பார்த்துக்கொண்டீர்கள்.

அந்த ஷாட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எறிகணையின் அளவு சற்றுப் பெரிதாகிவிட்டது. என் கவனக்குறைவு. தங்கள் குழலில் எந்தப் பிழையும் இல்லை. அதைப் பற்றித் தாங்கள் யோசித்து மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மனுவில் தாங்கள் எப்படிக் கருத்து எழுதினாலும் எனக்குச் சம்மதமே. எனக்கு எந்தக் குறையும் இல்லை.

அவளை வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல்லவும். தங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறுவதைக் குறைத்துக்கொள்ளவும்.

என்றும் தங்கள் அன்பை மறவாத,
மாப்பிள்ளை

* * *

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் வந்தது. குறையில்லை என்று ஒரே கடிதத்தில் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஒரு இடத்தில் எழுதியிருந்தால் நம்பியிருப்பேன். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, விசாரித்ததற்கு நன்றி.

இந்தக் கடிதம் நீளும். உட்கார்ந்து படியுங்கள்.

ஓய்வு கொடுத்த குழலை அறுத்துப் பார்ப்பது நம் வழக்கம் அல்லவா? புதுக் குழலுக்காகக் கழற்றி வைத்த பழையதைப் போன வாரம் ரம்பத்தில் கொடுத்து, ரொட்டி மாதிரி துண்டு துண்டாக அறுக்கச் சொன்னேன். செம்புத் தண்டவாளம் இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் வெளியே சுற்றியிருக்கும் இழைக்கட்டு அடுக்கடுக்காகப் பிரிந்து கிடந்தது. இடுக்கில் என் நகமே உள்ளே போயிற்று. அந்தக் கட்டு எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டவள் நான்.

அன்று சாயங்காலம் மகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன ஆச்சு என்று கேட்டாள். நம் வேலையைப் பற்றி அவள் கேட்பது அபூர்வம். சாப்பாட்டு மேசையில் இரண்டு கரண்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். இவை தண்டவாளங்கள். நடுவில் எறிகணை. அதன் பின்பக்கம் அலுமினியக் கால்கள் இரண்டும் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு மின்சாரத்தைக் கடத்தும். அந்த மின்சாரம்தான் எறிகணையைத் தள்ளும். அதே மின்சாரம் இரண்டு தண்டவாளத்தையும் ஒன்றிடமிருந்து ஒன்றைப் பிரித்தும் தள்ளும். விலகவிடாமல் பிடித்து வைக்கத்தான் வெளியே கட்டு. கட்டுத் தளர்ந்துபோனால், ஷாட் நடக்கிற அந்தக் கணத்தில் மட்டும் இரண்டும் விலகும். முடிந்ததும் ஒன்றுமே நடக்காத மாதிரி பழைய இடத்துக்கு வந்துவிடும். ஒவ்வொரு ஷாட்டுக்குப் பிறகும் நான் உள்ளே அளவுக்கோல் விட்டுப் பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் அளவு சரியாகவே இருந்தது என்றேன். அவள் கரண்டிகளை எடுத்துக் கழுவ வைத்துவிட்டு, அப்ப நடக்கும்போது பார்த்தவங்களுக்குத்தானே தெரியும் என்றாள்.

அந்த வார்த்தை மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கட்டுத் தளர்ந்து தண்டவாளங்கள் விலகியிருந்தால், அலுமினியக் கால்கள் தொடர்பு விட்டிருக்க வேண்டும். விட்டிருந்தால் உள்ளே பொறி பறந்து, குழல் வாயில் பெரிய தீப்பிழம்பு வந்திருக்க வேண்டும். அந்தப் பழைய குழலின் கடைசி ஷாட் வரை அப்படி ஒன்றும் வரவில்லை. என் குழலுக்கு வயதே ஆகவில்லை என்று நான் கூட்டத்துக்குக் கூட்டம் பீற்றிக்கொண்டேன். நீங்கள் பின்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தீர்கள்.

மறுநாள் உங்கள் அலமாரியைத் திறந்தேன், மன்னிக்கவும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் இரண்டு எறிகணை செய்து ஒன்றைக் கைக்காவலாக வைப்பது உங்கள் பழக்கம். அந்தக் கைக்காவல்கள் எல்லாம் மரப்பெட்டியில் வரிசையாக இருந்தன. மைக்ரோமீட்டரை எடுத்து ஒவ்வொன்றாக அளந்தேன். முதல் மூன்றும் வரைபடத்தில் உள்ள அளவு. அடுத்ததில் கால்களின் அகலம் ஒரு மயிரிழை கூடுதல். அதற்கடுத்தது இன்னும் ஒரு மயிரிழை. கடைசிப் பெட்டிக்கு வந்தபோது அளப்பதற்கே தேவையில்லை, கண்ணுக்கே தெரிந்தது.

பட்டறையில் கடைசல்காரரிடம் போய்க் கேட்டேன். மனிதர் கூரையைப் பார்த்தார், மிஷினைத் துடைத்தார், அப்புறம் சொன்னார். குழலு வரவர இளகுது, சொன்னா மேடம் மனசு கஷ்டப்படும், நம்ம பக்கம் கொஞ்சம் சதை போட்டுக்குவோம்னு சார் சொன்னாரு என்றார். எனக்கு முதலில் கோபம் வந்தது. அப்புறம் அந்தச் சதை போட்டுக்கொள்வதை நினைத்துச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே ஒரு முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் டீ வாங்கி வந்து கொடுத்தார்.

இளகிய குழலுக்கு அளவெடுத்துத் தைத்த எறிகணை, இறுக்கமான புதுக் குழலில் எப்படிப் போகும்? புதுக் குழலை மாட்டலாம் என்று நான் சொன்ன அன்றைக்கு நீங்கள் கதவோரம் நின்று, பழைய குழலே இருக்கட்டுமே மேடம் என்றீர்கள். விருந்தாளி வரும்போது பழைய விரிப்பையா போடுவார்கள் என்று நான் கேலி செய்தேன். மறுநாள் காலையில் விருந்தினர்கள் நடுவே நான் நின்றிருந்தபோதும் நீங்கள் பக்கத்தில் வந்தீர்கள். நான் உங்களை அவர்களுக்கு அறிமுகப்படுத்தினேன், எல்லோரும் சிரித்தார்கள், நீங்களும் சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். என்ன சொல்ல வந்தீர்கள் என்று இப்போதுதான் தெரிகிறது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது மகளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். மனுவைப் பற்றியும் சொல்லிவிட்டேன், இனி ஒளித்துப் பயனில்லை. அவள் அழவில்லை. தன் கிளினிக் கதையைச் சொன்னாள். பல்லை அடைத்துவிட்டுக் கடித்துப் பார்க்கச் சொல்வாளாம். சில பேர் மேலே கீழே இடித்தாலும், டாக்டர் பாவம் இவ்வளவு நேரம் கஷ்டப்பட்டாங்களே என்று, சரியா இருக்கு டாக்டர் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்களாம். ஒரு வாரம் கழித்துத் தாடை வீங்கி வந்து நிற்பார்களாம். வாயத் திறந்து சொன்னா ஒரு நிமிஷத்துல தேய்ச்சு விட்டிருப்பேன், மரியாதை பார்த்து மரியாதை பார்த்தே வீங்கிடுறாங்கம்மா, உங்க மாப்பிள்ளை அந்த மாதிரி பேஷன்ட் என்றாள்.

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் போடுகிற டீயில் சர்க்கரை தலைக்கேறுகிறதாம்; நீங்கள் கல்யாணமான நாளிலிருந்து குடித்துக்கொண்டிருக்கிறீர்களாம். விடியற்காலையில் என் ரேடியோ உங்களை எழுப்பிவிடுகிறதாம். தனி வீடு பார்க்க வேண்டும் என்று இரண்டு பேரும் ஒரு வருஷமாகப் பேசுகிறீர்களாம், என்னிடம் யார் சொல்வது என்பதில்தான் தகராறாம். நீயுமா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். ஒரே வாரத்தில் இரண்டு குழலை அறுத்துப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

வருத்தம் இல்லை என்று எழுதினால் அது உங்கள் கடிதம் மாதிரி ஆகிவிடும். வருத்தம்தான். வீடு கேட்டதற்காக இல்லை. இத்தனை நாள் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும், கேட்க முடியாத ஆளாக நான் இருந்திருக்கிறேன் என்பதற்காக.

இயக்குநரிடம் நடந்ததை எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டேன். கட்டுத் தளர்ந்தது என் கணக்கு. அதைச் சொல்லாமல் அளவை மாற்றியது உங்கள் வேலை. இரண்டையும் எழுதியிருக்கிறேன், உங்களைத் தப்பிக்க விடவில்லை. குழலுக்குள் மரியாதைக்கு இடமில்லை மாப்பிள்ளை. அதை வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று எழுத வந்தேன். வீட்டிலும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம் என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்த குழலின் வரைபடம் என் மேசையில் பாதியில் நிற்கிறது. எந்த ஷாட்டில் எவ்வளவு விலகியது என்று உலகத்திலேயே உங்கள் ஒருவருக்குத்தான் தெரியும். அது இல்லாமல் நான் கட்டுப் போட்டால் மறுபடியும் குருட்டாம்போக்குதான். ஆனால் அதற்காக வாருங்கள் என்று கூப்பிடவில்லை. உங்கள் மனுவில் நான் இன்னும் எதுவும் எழுதவில்லை. உண்மையிலேயே அங்கே இருக்கத்தான் பிடித்திருக்கிறது என்றால் சொல்லுங்கள், சம்மதம் என்று எழுதி, பிரசவம் முடிந்ததும் மகளையும் குழந்தையையும் நானே கொண்டுவந்து விடுகிறேன். தனி வீடு என்றாலும் சரி. எதுவானாலும் உங்கள் வாயால் வர வேண்டும்.

எனக்கு ஒன்றே ஒன்று செய்யுங்கள். பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று ஒரு கடிதம் எழுதுங்கள். திட்டி எழுதினாலும் பத்திரமாக வைத்துக்கொள்வேன். நீங்களும் அவளும் பிள்ளையும் நன்றாக இருக்க வேண்டும். எங்கே இருந்தாலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

சர்க்கரை குறைத்து டீ போடப் பழகிக்கொண்டிருக்கும்,
அத்தை

* * *

அன்புள்ள அத்தைக்கு,

இந்தக் கடிதத்தைப் பல தடவை எழுதிக் கிழித்தேன். ஒவ்வொரு தடவையும் கடைசியில் எனக்கு ஒரு குறையும் இல்லை என்று வந்து நின்றது. இந்தத் தடவை அந்த வரியை முதலிலேயே எழுதி அடித்துவிட்டு ஆரம்பிக்கிறேன்.

அறை அடுப்பு மாதிரி இருக்கிறது. சாப்பாடு வாயில் வைக்க முடியவில்லை. இங்கே என் வேலை அடுத்தவர்கள் சுடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது, எனக்கு அது பிடிக்கவில்லை. மனுக் கொடுத்தது இங்கே இருக்க ஆசைப்பட்டு இல்லை, அங்கே வந்து உங்கள் முகத்தைப் பார்க்க முடியாததால். அவளிடம் அதைச் சொல்லாமல் கொடுத்தது பெரிய தப்பு. போன வாரம் போனில் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பின்னால் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்டது.

குழலைப் பற்றி. இழைகளைச் சுற்றிய கோணம் தப்பு, அத்தை. உடையாமல் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டீர்கள், விலகாமல் இருக்க வேண்டும் என்று போடவில்லை. சுற்றும்போதே இழுத்துச் சுற்ற வேண்டும், மேலே இரும்பு வளையங்களும் வேண்டும். இதை மூன்றாவது ஷாட்டிலேயே, மணலிலிருந்து எடுத்து வந்த எறிகணையின் கால்கள் தேய்ந்திருந்த விதத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தேன். கூட்டத்தில் சொல்லாமல் தலையாட்டினேன். அதன் பிறகு நான் செய்த ஒவ்வொரு எறிகணையும் ஒரு பொய். அன்றைக்கு யாருக்காவது ஏதாவது ஆகியிருந்தால் என்று நினைத்துத் தூங்காத நாட்கள் உண்டு. விலகிய அளவுகளைத் தனியே எழுதி இதோடு வைத்திருக்கிறேன். நீங்கள் வரைவதை இதற்காக நிறுத்தி வைக்க வேண்டாம்.

வீட்டைப் பற்றி. டீ, ரேடியோ இரண்டும் உண்மை. கதவைத் தட்டுகிறீர்கள், ஆனால் பதில் வருவதற்குள் உள்ளே வந்துவிடுகிறீர்கள். தனி வீடு வேண்டும். எங்களுக்கு ஒரு கதவு, அதற்கு ஒரு சாவி. அது உங்கள் தெருவிலேயே கிடைத்தால் நல்லது. உங்கள் முழங்காலுக்கு மாடி வேண்டாம், நாங்கள் மாடியில் இருந்தால் நீங்கள் வர மாட்டீர்கள், அதனால் கீழ் வீடாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

இன்னும் ஒன்று. இதை எழுதத்தான் அத்தனை காகிதமும் கிழிந்தது. அந்தக் காலையில் விருந்தினர்கள் நடுவே வந்தபோது, இந்த எறிகணை புதுக் குழலில் போகாது, நிறுத்துங்கள் என்று சொல்லத்தான் வந்தேன். வாயைத் திறந்துவிட்டேன். நீங்கள் என் தோளைப் பிடித்து, இவர்தான் எங்க வீட்டோட மாப்பிள்ளை, சோறும் என் வீட்டில், குண்டும் என் குழலில் என்று சொன்னீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு எனக்குக் குரல் வரவில்லை. வந்திருக்க வேண்டும், அது என் தப்பு. ஆனால் அது வலித்தது, அத்தை. என் வேலையை ஒரு ஆளாக நின்று நான் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உங்கள்மேல் எனக்கு மரியாதை எப்போதும் உண்டு, அதைச் சொல்ல வேண்டியதில்லை. சொல்லாமல் வைத்திருந்தது கோபத்தைத்தான். இவ்வளவு எழுதியும் முழுக்கப் போகவில்லை, கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

மனுவைத் திரும்பப் பெற இன்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அடுத்த வண்டியில் இடம் கிடைக்கும் என்கிறார்கள். மிச்சமிருக்கும் அந்தக் கோபத்தோடேயே நான் வீட்டுக்கு வரலாமா?

உங்கள்,
மாப்பிள்ளை